நாய் விடாமல் சொறிகிறது. தீனியை மாற்றியும் நிற்கவில்லை. என்ன செய்வது?

ஜிம்மியின்_ஆள்:

எங்கள் ஜிம்மிக்கு நாலு வயது. லேப்ரடார் கலப்பு, 27 கிலோ. ஒன்றரை வயதிலேயே முன்னங்கால் பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பான். பழக்கம் என்று விட்டுவிட்டோம். இந்த ஆறு மாதமாகக் கைமீறிப் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் தட் தட் தட்டென்று பின்னங்கால் தரையில் அடிபடும் சத்தத்தில்தான் முழிக்கிறேன். வால் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய், தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. பாதத்து வெள்ளை முடி துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காதில் புளித்த வாடை.

டாக்டர் பத்து நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாளே அரிப்பு நின்றது. மாத்திரை முடிந்து ஒரு வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. கோழிக்கறிதான் காரணம் என்று பலர் சொன்னதால் மீன் தீனிக்கு மாற்றினேன். மூன்று வாரம் பார்த்தேன், பலன் இல்லை. தெள்ளு மருந்தும் கழுத்தில் விட்டாயிற்று, இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை. ஆனால் அவன்மேல் ஒரு தெள்ளுகூட நான் பார்த்ததில்லை. வாரம் மூன்று முறை குளிப்பாட்டுகிறேன், நான் போடும் ஷாம்புதான். வீட்டில் ஒரு பூனையும் உண்டு. அது சொறிவதே இல்லை, அதனால் இது தொற்று இல்லை என்று நினைக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை செய்தால் எதனால் அலர்ஜி என்று தெரிந்துவிடுமா? ஆயுசுக்கும் ஸ்டீராய்டு கொடுக்கப் பயமாக இருக்கிறது.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:

டீ ட்ரீ ஆயில் தடவுங்கள் சகோ. கூடவே நாம் போடும் அலர்ஜி மாத்திரையில் பாதி. சரியாகிவிடும்.

கிளினிக்_உதவியாளர்:

மேலே சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். டீ ட்ரீ ஆயில் நாய்க்கும் பூனைக்கும் விஷம். தோல் வழியாகவும் ஏறும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். நடுக்கம், தள்ளாட்டம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். மனிதர்களின் அலர்ஜி மாத்திரைகள் சிலவற்றில் மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரினும் சேர்ந்திருக்கும், அது நாயின் உயிருக்கே ஆபத்து. அது இல்லாத மாத்திரையானாலும் நாய்களின் அரிப்புக்குப் பெரிதாகக் கேட்பதில்லை.

ஜிம்மி விஷயத்துக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, கால்நடை கிளினிக்கில் பல வருடமாக நாயைப் பிடித்துக்கொள்கிற ஆள். பிடித்துப் பிடித்தே ஒன்று தெரிந்துவிட்டது: எங்கே சொறிகிறது என்பதுதான் முதல் துப்பு. வால் அடி, பின்தொடை என்றால் முதலில் தெள்ளைத்தான் சந்தேகப்படுவார்கள். பாதம், காது, அக்குள், முகம் என்றால் காற்றிலும் தூசியிலும் உள்ள பொருள்களால் வரும் அடோபி, அல்லது உணவு அலர்ஜி. ஜிம்மிக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் காரணமும் ஒன்றுக்கு மேல் இருக்கலாம்.

தெள்ளைப் பார்க்கவில்லை என்பது கணக்கில் வராது. தெள்ளின் எச்சிலுக்கு அலர்ஜி உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே நாள்கணக்கில் அரிப்பைக் கிளப்பிவிடும். கடித்த தெள்ளை நாயே நக்கி முழுங்கிவிடுவதால் சாட்சியும் மிஞ்சாது. இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வெள்ளை டிஷ்யூ காகிதத்தை நனைத்துத் தரையில் விரியுங்கள். வால் அடி முடியைப் பல் நெருங்கிய சீப்பால் சீவி, விழுகிற கறுப்புத் துகளை அதன்மேல் தட்டுங்கள். வெறும் மண் என்றால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் சுற்றிலும் செம்பழுப்பு கசியும், ஏனென்றால் அது செரித்த ரத்தம்.

பூனையையும் சீவிப் பாருங்கள். சொறியாததால் அதன்மேல் தெள்ளு இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கு அலர்ஜி இல்லை, அவ்வளவுதான்.

ரெண்டுநாய்க்காரி:

தீனி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்று வாரம் போதவே போதாது. உணவு அலர்ஜியைச் சோதிக்கக் குறைந்தது எட்டு வாரம். அந்த எட்டு வாரமும் சோதனைத் தீனி ஒன்றைத் தவிர வேறு எதுவும் நாய் வாயில் போகக்கூடாது.

எதுவும் என்றால் எதுவும்தான். நான் ஏழாவது வாரம் வரை நூல் பிசகாமல் இருந்தேன், அரிப்பு இம்மியும் குறையவில்லை. பிறகுதான் உறைத்தது, மாதாமாதம் கொடுத்த பூச்சி மாத்திரை மாட்டிறைச்சிச் சுவை சேர்த்தது! நாய்களுக்கு அடிக்கடி அலர்ஜி தருவதாகப் பதிவான உணவுகளில் மாட்டிறைச்சிதான் முதலிடம். பால் பொருள்கள், கோழி, கோதுமை எல்லாம் அடுத்தடுத்து வரும். சுவையூட்டிய பற்பசை, குழந்தை கீழே போடும் பிஸ்கட், மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் சீஸ் துண்டு எல்லாமே கணக்கில் சேரும்.

மீன் தீனி என்று பையில் போட்டிருந்தாலும் உள்ளே வேறு இறைச்சி கலந்திருக்கலாம், ஒரே இயந்திரத்தில் எல்லாம் தயாராகிறதே. அதனால் டாக்டரிடம் ஹைட்ரோலைஸ்டு தீனி கேளுங்கள். புரதத்தை உடல் அடையாளம் காண முடியாத அளவுக்குப் பொடிப்பொடியாக உடைத்திருப்பார்கள். அதில் அரிப்பு குறைந்தால் பழைய தீனியைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பிவிடும். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு யாருக்கும் மனசு வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் அது இல்லாமல் தீனியால் குறைந்ததா, பருவம் மாறியதால் குறைந்ததா என்று சொல்லவே முடியாது.

ரத்தப் பரிசோதனைக்கு நானும் செலவழித்தேன். உணவு அலர்ஜிக்கு அந்த முடிவுகளை நம்ப முடியாது. எச்சில், முடி எடுத்துச் செய்வதும் அப்படித்தான்.

ஜிம்மியின்_ஆள்:

சீவிப் பார்த்தேன். ஜிம்மியிடம் மிளகுத்தூள் மாதிரி நாலைந்து துகள்தான் விழுந்தது. இது மண்தான் என்று எழுந்திருக்கப் போனேன். அரை நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் துரு நிறத்தில் ஒரு வளையம்! பூனையைச் சீவினால் அதைவிட மூன்று மடங்கு. உயிரோடு ஒன்று சீப்பிலிருந்து குதித்தே போனது.

அப்படியானால் நான் விட்ட மருந்து போலியா?

கிளினிக்_உதவியாளர்:

மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால், நீங்கள் வாரம் மூன்று முறை குளிப்பாட்டியதை யோசியுங்கள். கழுத்தில் விடும் மருந்துகள் பலவற்றுக்கு, விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது. அடிக்கடி ஷாம்பு போட்டால் வீரியமும் சீக்கிரம் போய்விடும். குளியல் தேவைப்படுகிற நாய்க்கு வாய்வழி மாத்திரை வசதி. வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த வகை மாத்திரைகளில் எச்சரிக்கை உண்டு.

அடுத்தது, ஒரு தடவை போதாது. நாய்மேல் இருப்பது கொசுறு. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் படுக்கையிலும் தரை இடுக்கிலும் சோபா மடிப்பிலும் கிடக்கும். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை போடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் கூட்டுக்குள்ளேயே காத்திருக்கும், அதை எந்த மருந்தும் எளிதில் தொடாது. அதனால் வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும் சேர்த்து மூன்று மாதமாவது விடாமல் கொடுக்க வேண்டும். படுக்கை விரிப்பை 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள், வாக்குவம் போட்டபின் பையை வெளியே கொட்டுங்கள். முதல் சில வாரம் புதுத் தெள்ளு கண்ணில் பட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், பழைய கூடுகள் பொரிகின்றன.

முக்கியமானது: நாய்க்கான மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி கலந்தது பூனையைக் கொன்றுவிடும். பூனைக்கென்று தனியாக வாங்குங்கள்.

காது வாடைக்கும் கறுத்த தோலுக்கும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஒட்டுநாடாவைத் தோலில் ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஈஸ்ட் என்கிற பூஞ்சையோ பாக்டீரியாவோ இருந்தால் அதுவே தனியாக அரிக்கும். அதை விட்டுவிட்டு அலர்ஜிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பாதிதான் கேட்கும். பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினி கலந்த ஷாம்பு எழுதிக் கொடுப்பார்கள். அதைப் போட்டுப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம், மனசுக்குள் எண்ணும் பத்து நிமிடம் இல்லை. உங்கள் ஷாம்புவை உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநாள்_தவளை:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் குட்டி காது ஓரத்தையும் முழங்கையையும் ரத்தம் வருமளவு சொறிகிறது. ஒரு வாரமாக எனக்கும் வயிற்றில் சிவப்புப் புள்ளியும் அரிப்பும். இதுவும் அலர்ஜியா?

கிளினிக்_உதவியாளர்:

மனிதருக்கும் சேர்ந்து அரித்தால் சார்கோப்டிஸ் என்கிற சொறிப்பூச்சியை நினைக்க வேண்டும். காது மடல் நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாக ஆட ஆரம்பித்தால் சந்தேகம் வலுக்கும். தோலைச் சுரண்டி எடுத்த சோதனையில் பூச்சி அகப்படாமலும் போகும், அதனால் டாக்டர்கள் சந்தேகத்தின் பேரிலேயே மருந்து கொடுப்பதுண்டு. நாளைக்கே போங்கள், மற்ற நாய்களோடு விடாதீர்கள். உங்கள் தோலை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜிம்மியின்_ஆள்:

மூன்றரை மாதம் கழித்து வருகிறேன். தோலிலும் காதிலும் ஈஸ்ட் இருந்தது. ஷாம்பு, காது மருந்து, இருவருக்கும் மாதாமாதம் தெள்ளு மருந்து. ஆறாவது வாரத்தில் வால் அடியில் பூனைமுடி மாதிரி மெல்லியதாக முளைத்தது. இப்போது வழுக்கை இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் பாதத்தை இன்னும் நக்குகிறான். நடுவில் ஹைட்ரோலைஸ்டு தீனியும் எட்டு வாரம் கொடுத்தோம், பாதத்தில் மாற்றமே இல்லை. பழைய தீனிக்குத் திரும்பினோம், மோசமாகவும் இல்லை. ஆக உணவு இல்லை. மிச்சமிருப்பது அடோபி என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்குமாம். ஒன்றரை வயதில் பழக்கம் என்று நான் விட்டதே அதுதான்.

ஆயுசுக்கும் வரும் என்றார். ஸ்டீராய்டுக்கு மாற்றாக இரண்டு சொன்னார். ஓக்ளாசிட்டினிப் என்று தினமும் கொடுக்கும் மாத்திரை, இல்லையென்றால் லோகிவெட்மாப் என்று சுமார் மாதம் ஒரு முறை போடும் ஊசி. எதை எடுக்கலாம்?

ரெண்டுநாய்க்காரி:

எங்கள் பெரியவனுக்கு ஊசி. அரிப்பைக் கிளப்பும் ஒரே ஒரு சமிக்ஞையை மட்டும் தடுக்கிறது என்பதால் வேறு மருந்துகளோடு மோதல் குறைவு. சின்னவளுக்கு அது கேட்கவில்லை, மாத்திரைதான் கேட்டது. அது ஒரு வயதுக்கு மேல்தான் கொடுக்கலாம், நடுநடுவே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். கொடுத்துப் பார்த்துத்தான் தெரியும். தூசிப்பூச்சி, மகரந்தம் மாதிரியானவற்றுக்கு உடலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் அலர்ஜி ஊசித் தொடரும் உண்டு. எது சேரவில்லை என்று தேர்ந்தெடுக்கத்தான் ரத்தப் பரிசோதனை அங்கே உதவும். ஆனால் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகும். வெளியே போய் வந்ததும் பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கை உலர விடுங்கள்.

கிளினிக்_உதவியாளர்:

அடோபி இருக்கும்வரை தெள்ளு மருந்தை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சின்னச் சின்ன எரிச்சல்கள் சேர்ந்துதான் அரிப்பு எல்லை மீறும். தெள்ளும் ஈஸ்ட்டும் திரும்ப வந்தால் எந்த ஊசியாலும் சமாளிக்க முடியாது. பூனையின் அடுத்த டோஸ் தேதியையும் குறித்து வையுங்கள்.

ஜிம்மியின்_ஆள்:

ஊசியில் ஆரம்பிக்கிறோம். தேதியும் குறித்தாயிற்று, நாளைக்குத்தான். பூனைக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, காலையிலிருந்து அலமாரி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.