ஆர்க் மோடில் தேதிகளை மொத்தமாகத் தள்ளிப்போட வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடிப் பக்கம் கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். சாகுபடி வேலை, ஆள்கூலி, உரக்கணக்கு எல்லாவற்றையும் இரண்டு வருஷமாக ஈமாக்ஸ் உரைத்திருத்தியில் குறிப்பும் வேலைப்பட்டியலும் எழுத உதவும் ஆர்க் மோடில்தான் எழுதுகிறேன். வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் அப்பாவின் டைரி மாதிரி எந்தக் காலத்திலும் திறந்து படிக்கலாம்.

ஒவ்வொரு வயலும் ஒரு தலைப்பு. அதன்கீழ் நாற்றங்கால், 25 நாளில் நடவு, அதிலிருந்து 15 நாளில் களையெடுப்பு, மேலுரம் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. பத்து நாள் தள்ளினால் ஷிஃப்ட்டும் அம்புக்குறியுமாக ஒவ்வொரு தேதியாக நகர்த்துகிறேன். போன குறுவையில் கீழவயலுக்கு ஒன்றை மாற்ற விட்டுப்போச்சு. மேலுரம் ஒரு வாரம் தாமதம், பயிர் வெளுத்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

தலைப்பை நகலெடுத்துத் தேதியை நகர்த்தும் கட்டளையைப் பார்த்தேன். அதில் முடிந்த வேலைகளின் தேதியும் சேர்ந்து நகர்கிறது. முடியாத வேலைகளை மட்டும், இருக்கிற இடத்திலேயே, பத்து நாள் தள்ள சின்ன ஈலிஸ்ப் (ஈமாக்ஸின் நிரல்மொழி) நிரல் யாரிடமாவது இருக்கிறதா?

கூடவே ஒன்று: தமிழில் எழுதினால் அட்டவணைக் கோடுகள் கோணலாகின்றன. என்ன எழுத்துரு போடுகிறீர்கள்? நாற்று விடும் முன் சரிசெய்துவிட வேண்டும்.