ஆண் பூனை மண் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருக்கிறது, மலச்சிக்கலா?

மூணாம்மாடி | ஞாயிறு, இரவு 8:40

வணக்கம். பூனை வளர்க்கிறது எங்களுக்கு இதுதான் முதல் தடவை. எது சாதாரணம், எது ஆபத்துன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியல.

நாட்டுப் பூனை, ஆண், ரெண்டரை வயசு, எடை 5 கிலோ. கருத்தடை ஆயிடுச்சு. வெளியில விடுறதில்ல. ரெண்டு வேளையும் ட்ரை ஃபுட், எப்பவாவது அவிச்ச நெத்திலி. போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப மூணு நாள் ஒரே ரூம்ல வெச்சிருந்தோம்.

இன்னிக்குக் காலைல இருந்து மண் தட்டுக்குப் போறதும் வர்றதுமா இருக்கான். முதுகை வளைச்சு முக்குறான், எழுந்து வர்றான், அஞ்சு நிமிஷத்துல திரும்பப் போறான். மதியத்துக்கு மேல மட்டும் பத்துத் தடவை இருக்கும். பாத்ரூம் தரையிலயும் உட்கார்ந்து பார்த்தான். அடிப்பக்கத்தை நக்கிக்கிட்டே இருக்கான். மதியம் சாப்பிடல, சாயந்தரம் நுரையா ஒரு வாந்தி. கக்கா போனது நேத்து காலைல.

மலச்சிக்கல்னுதான் நினைக்கிறோம். விளக்கெண்ணெய் கால் ஸ்பூன் கொடுக்கலாமா? குழந்தைக்கு வாங்கின பாராசிட்டமால் சிரப் இருக்கு, வலிக்கு அதுல எத்தனை மில்லி கொடுக்கலாம்? சென்னைதான், நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போகலாம்னு இருக்கோம்.

---

கோணமூஞ்சி | இரவு 8:47

ரெண்டையும் கொடுக்காதீங்க. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைச்சு வெளியேத்துற வழி பூனையோட ஈரல்ல கிட்டத்தட்ட இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாம ஈறு பழுப்பு நிறமாயிடும், முகமும் பாதமும் வீங்கும். சிரப் ஒரு ஸ்பூன்ல 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும், 5 கிலோ பூனைக்கு ஆபத்தாக அதுவே போதும்.

கக்காவை விடுங்க. கடைசியா மூத்திரம் எப்போ போனான்? தட்டைக் கிளறிப் பார்த்துட்டு உடனே சொல்லுங்க. அடிவயித்துல, பின்னங்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி, ரெண்டு பக்கமும் விரல் வெச்சு மெல்லத் தொட்டுப் பாருங்க. அழுத்த வேண்டாம்.

---

மூணாம்மாடி | இரவு 8:58

நேத்து ராத்திரி சுத்தம் பண்ணப்ப மூத்திரம் ஊறின பெரிய மண் கட்டி ஒண்ணு இருந்துச்சு. இன்னிக்கு வேர்க்கடலை அளவுல மூணே மூணு, அதுல ஒண்ணு லேசா ரோஸ் நிறம். வயித்துல எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா ஒண்ணு தட்டுப்படுது. தொட்டதும் கத்திட்டான்.

---

தென்னந்தோப்பு | இரவு 9:03

கல்லடைப்பாக இருக்கலாம். வாழைத்தண்டுச் சாறு 5 மில்லி சிரிஞ்சில் கொடுத்துப் பாருங்கள். நெருஞ்சில் கஷாயமும் மூத்திரத்தை இளக்கும். ராத்திரி இரண்டு வேளை கொடுத்தால் காலைக்குள் போய்விடும்.

---

நீலக்கண் | இரவு 9:16

மூணாம்மாடி, காலை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் மூத்திரக் குழாய் அடைப்புக்கான அடையாளங்கள். வயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி தட்டுப்படுவது நிரம்பிய மூத்திரப்பையாக இருக்கும். மலச்சிக்கல் உள்ள பூனையும் இதே மாதிரிதான் உட்காரும். ஆனால் அதற்கு மூத்திரக் கட்டிகள் வழக்கமான அளவில் விழும். உங்கள் தட்டில் அது இல்லை.

தென்னந்தோப்பு ஐயா, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் மூத்திரம் பெருக்கும் எதுவும் இங்கே கெடுதல்தான். வாய்க்கால் அடைத்திருக்கும்போது ஏரிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற கதை. தவிர, வாந்தி எடுக்கும் பூனையின் வாயில் சிரிஞ்சால் சாறு பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போகும். விளக்கெண்ணெயும் அப்படியே.

ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் நீளம், நுனியில் வெறும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிவிடும். மூத்திரப்பை அழற்சியில் வரும் சளி, செல்கள், மணல் போன்ற படிகங்கள் எல்லாம் சேர்ந்து பசைபோல அங்கே அடைத்துக்கொள்ளும். பெண் பூனைக்குக் குழாய் குட்டை, அகலம். அதனால் இது அபூர்வம். கண்ணுக்குத் தெரிகிற கல் எல்லா நேரமும் இருக்காது. இளம் ஆண் பூனைகளில் பெரும்பாலும் மன அழுத்தத்தோடு வரும் அழற்சிதான். மூன்று நாள் அறைக்குள் அடைபட்டது, பெயின்ட் நாற்றம், பெரும்பாலும் ட்ரை ஃபுட் என்று நீங்கள் சொன்னவை எல்லாமே அதற்குத் தோதானவை.

ஆபத்து வயிறு வெடிப்பதில் இல்லை, பொட்டாசியத்தில் இருக்கிறது. மூத்திரத்தில் போகவேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். முழு அடைப்பு விழுந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் உயிர் போகலாம். வாந்தி வந்துவிட்டதென்றால் கழிவு ரத்தத்தில் ஏறத் தொடங்கியிருக்கலாம். அடுத்த கட்டம் துவண்டு படுப்பது, உடம்பு சில்லிடுவது. பூனைக்குச் சாதாரணச் சூடு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 99-க்குக் கீழே இறங்கினால் நிலைமை மோசம். வழியில் முக்குவதை நிறுத்திவிட்டு அமைதியாகப் படுத்தால் "சரியாகிடுச்சு" என்று திரும்பிவிடாதீர்கள். அது களைப்பு.

கிளம்பும் முன் போன் செய்து இப்படிக் கேளுங்கள் (கதீட்டர் என்பது மூத்திரக் குழாய்க்குள் நுழைக்கும் மெல்லிய குழாய்): "ஆண் பூனை, மூத்திரம் அடைச்சிருக்கு, மயக்கம் கொடுத்துக் கதீட்டர் போடுவீங்களா, பொட்டாசியம் இப்பவே பார்க்க முடியுமா?" பூனைக்கான 3 அல்லது 3.5 பிரெஞ்ச் அளவுக் (பிரெஞ்ச் என்பது குழாயின் பருமனைக் குறிக்கும் அளவு) கதீட்டர் எல்லா கிளினிக்கிலும் இருப்பதில்லை. நாயை மட்டுமே பார்த்துப் பழகிய இடத்துக்குப் போய்த் திரும்பினால் ஒரு மணி நேரம் வீண். சென்னை என்கிறீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கேட்டுப் பாருங்கள்.

கூடை இல்லையென்றால் பிளாஸ்டிக் துணிக்கூடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிறு கட்டினால் போதும். அடியில் டவல் விரியுங்கள். வயிற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள், நெஞ்சுக்கு அடியிலும் பிட்டத்துக்கு அடியிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். மூத்திரப்பையை அமுக்கி மூத்திரத்தை வெளியே எடுக்க முயலவே கூடாது, கிழிந்துவிடும்.

அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். முதலில் நரம்பில் ஊசி, ட்ரிப்ஸ். "மூத்திரமே போகல, ட்ரிப்ஸ் எதுக்கு" என்று தடுக்காதீர்கள். பொட்டாசியத்தை நீர்க்கச் செய்வதற்கு அதுதான். அளவு மிக அதிகமாக இருந்தால் கால்சியம் குளுக்கோனேட் போடுவார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குச் சிறிது நேரம் காவல், அவ்வளவுதான். இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுத்தால் பொட்டாசியம் செல்லுக்குள் இறங்கும். அதன்பின் மயக்கத்தில் கதீட்டர் நுழைத்து, உப்புநீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கி, பையைக் கழுவிவிட்டு, ஓரிரு நாள் கதீட்டரை அப்படியே தைத்து வைப்பார்கள்.

வெறும் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு "நாளைக்கு வாங்க" என்றால் வேறு இடம் பாருங்கள். இந்த வயதில் கிருமித்தொற்று குறைவு. அடைத்த குழாயை எந்த ஊசியும் திறக்காது.

---

மூணாம்மாடி | இரவு 9:21

கிளம்பிட்டோம். ரெண்டு இடத்துல கதீட்டர் இல்லன்னுட்டாங்க, மூணாவது இடத்துல வரச் சொல்லிட்டாங்க.

---

மூணாம்மாடி | புதன், மாலை 5:10

நன்றி. பொட்டாசியம் 7.8 இருந்துச்சு, ரொம்ப அதிகம். ராத்திரியே அடைப்பு எடுத்தாங்க. இன்னிக்கு மதியம் கதீட்டரை எடுத்துட்டு, அவனா ஒரு தடவை மூத்திரம் போனதைப் பார்த்துட்டு வீட்டுக்கு அனுப்பினாங்க. எக்ஸ்ரேயில கல் இல்ல, மைக்ரோஸ்கோப்புல ஸ்ட்ரூவைட் படிகம்னு எழுதியிருக்கு. வலி மருந்து கொடுத்திருக்காங்க. சந்தேகங்கள்:

இன்னும் லேசா ரோஸ் நிறமாத்தான் போறான், பயப்படணுமா? நக்காம இருக்கப் போடுற கழுத்துக் காலர் போட்டா சாப்பிடவே மாட்டேங்கிறான், கழட்டலாமா? சாப்பாடு என்ன? ஆபரேஷன் பண்ணிட்டா இனி வராதுன்னு ஒருத்தர் சொல்றார், உண்மையா?

---

நீலக்கண் | மாலை 6:02

ரோஸ் நிறம் சில நாள் இருக்கும், குழாய் உள்ளே புண்பட்டிருக்கிறது. கொஞ்சம் முக்குவதும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது நிறத்தை அல்ல, அளவை. திரும்ப அடைப்பது பெரும்பாலும் முதல் வாரம், பத்து நாளுக்குள்தான். அதுவரை தட்டில் விழும் கட்டிகளைக் காலையும் இரவும் எண்ணி எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு 2 முதல் 4 கட்டி சரி. எட்டுப் பத்துக் கடலை அளவில் விழுந்தால் எரிச்சல், அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். முக்கியும் ஒன்றுமே விழவில்லை என்றால் போன் எல்லாம் வேண்டாம், நேரே போய்விடுங்கள்.

ஆற்று மணல் வைத்திருந்தால் எண்ண முடியாது, ஈரம் கீழே இறங்கிவிடும். கட்டியாகும் பென்டோனைட் மண்ணை இரண்டு மூன்று அங்குலம் நிரப்புங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, வேறு வேறு இடத்தில்.

காலர் மூன்று நான்கு நாளாவது வேண்டும். நக்கினால் நுனி வீங்கி அதனாலேயே அடைத்துக்கொள்ளும். சாப்பிடும்போது மட்டும் கழற்றி, பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் மாட்டுங்கள். காலர் இல்லாமலும் 24 மணி நேரம் சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் படிந்து வேறொரு நோயை இழுத்து வரும்.

ஆபரேஷன் என்பது குறுகலான நுனிப்பகுதியை எடுத்துவிட்டு அகலமான இடத்தில் வாய் வைப்பது. அடைப்பு மிகவும் குறையும், அழற்சி குறையாது. பிறகு கிருமித்தொற்றும் அடிக்கடி வரலாம். முதல் தடவையிலேயே போகிற இடம் அல்ல அது. திரும்பத் திரும்ப அடைத்தால் பேசலாம்.

---

கோணமூஞ்சி | மாலை 6:30

சாப்பாட்டுக் கணக்கு நான் சொல்றேன். 5 கிலோ பூனைக்கு உணவுல இருக்கிறதையும் சேர்த்து நாளைக்குச் சுமார் 250 மில்லி தண்ணி உள்ள போகணும். ட்ரை ஃபுட் 60 கிராம்ல 6 மில்லிகூட இருக்காது. மீதி முழுக்க அது குடிக்கணும், குடிக்காது. வெட் ஃபுட்ல 80 சதவீதம் தண்ணி. 85 கிராம் பாக்கெட் ஒண்ணுல 68 மில்லி. மூணு பாக்கெட்டுன்னா 200 மில்லி அதுலயே முடிஞ்சுது. மேல ரெண்டு ஸ்பூன் வெந்நீர் கலந்து ரசம் பதத்துல வைங்க.

ஸ்ட்ரூவைட் (மெக்னீசியமும் பாஸ்பரஸும் சேர்ந்த படிகம்)னா டாக்டர் எழுதிக் கொடுக்கிற யூரினரி உணவுதான், அதாவது மூத்திரக் கோளாறுக்கான உணவுதான் சரி. மெக்னீசியம், பாஸ்பரஸ் குறைவு, மூத்திரத்தை லேசா அமிலப் பக்கம் தள்ளும், படிகம் கரையும். அதோட ஆன்லைன்ல விக்கிற அமிலமாக்குற பொடியையும் சேர்த்துக் கொடுக்காதீங்க. அளவு மீறினா ஆக்சலேட்ங்கிற வேற வகைப் படிகத்துப் பக்கம் போயிடும், அது எந்த உணவுலயும் கரையாது. பழசுல இருந்து புதுசுக்கு ஏழு நாள் எடுத்துக்கிட்டு மெல்ல மாத்துங்க. பூனை ஒரு தடவை ஒரு சாப்பாட்டை வெறுத்துட்டா அவ்வளவுதான், நம்ம வீட்டு மாமியாரைக்கூடச் சமாதானப்படுத்திடலாம்.

தண்ணிக் கிண்ணம் மீசை இடிக்காத அகலத்துல, சாப்பாட்டுத் தட்டுக்கும் மண் தட்டுக்கும் தள்ளி, ரெண்டு மூணு இடத்துல. கோழி வேகவெச்ச தண்ணி ஊத்தலாம், உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாம.

---

மூணாம்மாடி | வெள்ளி, காலை 7:25

நேத்து 3 கட்டி, எலுமிச்சை அளவு. ரோஸ் போயிடுச்சு. நெத்திலி கேட்டுக் கத்துறான், கொடுக்கலாமா?

---

கோணமூஞ்சி | காலை 7:40

யூரினரி உணவு முடியுற வரைக்கும் வேண்டாம், கலந்தா அதோட கணக்கே கெட்டுடும். கருவாடு எப்பவுமே வேண்டாம், உப்பு. அடுத்த மூத்திரப் பரிசோதனை எப்போன்னு டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, படிகம் போயிடுச்சுன்னு அதுலதான் தெரியும். பரிசோதனைக்குக் கொண்டுபோறப்ப மூத்திரம் ஆறிப்போனதா, ஃப்ரிட்ஜ்ல வெச்சதா இருக்கக் கூடாது. ஆறினா பாட்டில்லயே புதுப் படிகம் உருவாகிடும்.