நேப்பிள்ஸிலிருந்து சிட்னிக்கு வந்த ஓவிய ஆசிரியர்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

சிட்னியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்மையில் ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரை நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பெரிய பெரிய நிலக்காட்சிப் படங்களையெல்லாம் அவர் மரியாதைக்குப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் இரண்டடி உயரம்கூடத் தேறுமா என்று தோன்றிய ஒரு சிறிய படத்தின் முன்னால்தான் நின்றார். குனிந்த தலையுடன் ஒரு பெண் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். “கண்ணியை எண்ணிக்கொண்டிருக்கிறாள், நிமிர்ந்தால் கணக்குத் தப்பிவிடும்” என்றார் மாமியார். அவரும் ஒரு காலத்தில் கம்பளி நூலில் நிறையப் பின்னியவர்.

அந்தப் படம் கிரேஸ் காசிங்டன் ஸ்மித் 1915இல் தீட்டியது. பின்னுபவர் அவருடைய சகோதரி மேட்ஜ். பின்னுவது முதல் உலகப் போரில் களத்திலிருந்த வீரர்களுக்கான காலுறை. நிழல் விழும் இடங்களில் பழுப்பைப் பூசி ஆழம் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, வண்ணங்களைத் தட்டையான பட்டைகளாக ஒன்றையொன்று ஒட்டி வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் காட்சிக்கு வைக்கப்பட்ட முதல் போஸ்ட் இம்ப்ரெஷனிஸ ஓவியம், அதாவது கண்ட நிறத்தை அப்படியே நகலெடுக்காமல் வண்ணத்துக்கும் வடிவத்துக்கும் முதலிடம் தரும் பாணியிலானது, என்று பலரும் சொல்வது இதைத்தான். வீட்டுக்கு வந்து, 23 வயதுப் பெண்ணுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தவர் யார் என்று தேடியபோதுதான் அந்தோனியோ தத்திலோ ரூபோ என்ற பெயர் எனக்குக் கிடைத்தது.

ரூபோ 1870இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். அந்நகரத்தின் நுண்கலைக் கழகத்தில் பயின்று, ஓவியம் கற்பிப்பதற்கான சான்றிதழும் பெற்று, 1897இல் சிட்னியில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே கற்பிக்கத் தொடங்கியவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை விடவில்லை. பள்ளிகளில் பாடம் எடுத்தார், அரசக் கலைச் சங்கத்தின் வகுப்புகளை நடத்தினார், தனக்கென்று ஓர் ஓவியக்கூடமும் வைத்திருந்தார். 1913இல் நோரா சிம்ப்சன் என்ற இளம் மாணவி லண்டனில் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அந்தப் புதிய பாணியின் முன்னோடிகளான செசான், வான்கோ, கோகேன் ஆகியோரின் படங்களுடைய அச்சுப்பிரதிகளைப் பெட்டியில் கொண்டுவந்தார். சிட்னியின் மற்ற ஆசிரியர்கள் பெரும்பாலும் முகம் சுளித்த சரக்கு அது. ரூபோ அவற்றை வகுப்பில் எல்லோரும் பார்க்கவும் பேசவும் முயன்று பார்க்கவும் இடம் கொடுத்தார். பின்னாளில் காசிங்டன் ஸ்மித்தை அவர் “திருமதி வான்கோ” என்று கேலியாக அழைப்பாராம்.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், ரூபோவின் சொந்தப் படங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அதே கலைக்கூடத்தின் சேகரிப்பில் அவருடைய 1905ஆம் ஆண்டுப் படம் ஒன்றும் 1913ஆம் ஆண்டுப் படம் ஒன்றும் இருக்கின்றன. முன்னது வறுமை ஒன்றுசேர்த்துவைத்த மனிதர்களைப் பற்றியது. பின்னது ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிந்தைய நிலையைப் பற்றியது. இரண்டும் இத்தாலியில் கற்ற யதார்த்த பாணியில், ஏழைகளின் முகத்தை நேர்மையாகப் பார்த்து வரைந்தவை. தன் கை போகாத வழியில் மாணவர்களைப் போகவிட்ட இந்த மனிதரைப் பற்றி மற்றவர்களுக்கும் ஏதேனும் தெரிந்திருந்தால் எழுதுங்கள்.

பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் ஓர் உறுப்பினர்:

அம்மா, நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு கதை இருக்கிறது. ரூபோவை எனக்கு அறிமுகப்படுத்தியதே அதுதான். 1916இல் அவருடைய மாணவர் ரோலண்ட் வேக்லின், சிட்னியின் பெர்ரீஸ் விரிகுடாவை நோக்கி இறங்கும் மேட்டைத் துண்டுதுண்டான ஒளிர்வண்ணத் தீற்றல்களால் வரைந்து, அரசக் கலைச் சங்கத்தின் கண்காட்சிக்குக் கொடுத்தார். தேர்வுக் குழு அதை மாட்ட மறுத்தது. உடனே ரூபோ குழு உறுப்பினர் ஒருவரை ஒண்டிக்கு ஒண்டி வரும்படி அழைத்துவிட்டார். வாய்ச்சண்டைக்கு அன்று, ஐரோப்பியக் கனவான்கள் மானத்துக்காக ஆயுதம் எடுத்துப் போடும் முறையான இருவர் சண்டைக்குத்தான் அழைத்தார். சண்டை நடக்கவில்லை, ஆனால் படம் சுவரில் ஏறியது. வேக்லினும் அதே வகுப்பில் படித்த ராய் தெ மேஸ்திரும் 1919இல் வண்ணங்களை இசைச் சுரங்களோடு பொருத்தி ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். தெ மேஸ்திர் இசையும் பயின்றவர் என்பதால் அது வெறும் விளையாட்டாக இல்லை.

இந்தக் கதையை முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே கூச்சமாகவும் இருந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியின் ஆண்டு விழாக் கண்காட்சியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டியின் முகத்தைப் பச்சையிலும் ஆரஞ்சிலும் வரைந்து தந்திருந்தான். “முகம் இந்த நிறத்திலா இருக்கும்?” என்று கேட்டு அதை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பாட்டி உட்கார்ந்திருந்தது வாழை இலைகளின் நிழலில் என்பதை அவன் என்னிடம் சொல்லியிருந்தான். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. விழா முடிந்தபின் அவன் வந்து, படத்தைச் சுருட்டிக்கொண்டு, “பரவாயில்லை சார்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாள் எடுக்க வேண்டாம், ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ரூபோவின் வண்ணத் தட்டைவிட அவருடைய கோபத்தின் மீதுதான் எனக்கு மதிப்பு அதிகம். வேக்லினின் அந்தப் படம் இப்போதும் அங்கே இருக்கிறதா?

மெல்போர்னிலிருந்து ஓர் உறுப்பினர்:

எனக்கும் ஓவியத்துக்கும் தூரம் அதிகம். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். ஆனால் தத்திலோ ரூபோ என்ற பெயரைக் கண்டதும் திடுக்கிட்டேன். பாராஅமினோபென்சாயிக் அமிலம் பாக்டீரியாவின் வளர்ச்சிக்குத் தேவையான பொருள் என்று 1940இல் கில்லெஸ்பி என்பவருடன் சேர்ந்து வெளியிட்டவர் ரூபோ என்பதை நாங்கள் பாடத்தில் படித்திருக்கிறோம். பாக்டீரியா நோய்களுக்குத் தரப்படும் சல்ஃபா மருந்துகள் அந்த அமிலத்தின் சாயலில் உள்ளே நுழைந்து, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பாக்டீரியாவை வளரவிடாமல் செய்பவை என்பதால், இந்த ஆய்வை எளிதில் மறக்க முடியாது. அந்த ரூபோவின் முழுப்பெயர் சிட்னி தத்திலோ ரூபோ. பின்னாளில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், உங்கள் ஓவிய ஆசிரியரின் மகன். பிறந்த ஊரின் பெயரையே அவருக்கு வைத்திருக்கிறார்கள். அது ஆங்கிலேயர்கள் வழக்கமாக வைக்கும் பெயர்தான் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

முதலில் எழுதிய உறுப்பினர்:

ஐயா, வேக்லினின் படம் அதே கலைக்கூடத்துக்குச் சொந்தமானதுதான். 1961இல் வாங்கியிருக்கிறார்கள், சண்டை நடக்காமல் போய் 45 ஆண்டுகள் கழித்து. உங்கள் பதிவைப் படித்த மறுவாரம், மாமியார் ஊருக்குத் திரும்பும் முன்பு, அவரையும் அழைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்க்கப் போனேன். வேவர்ட்டன் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கினால் விரிகுடாவுக்கு நடந்தே போய்விடலாம். மரங்களுக்கு நடுவே தண்ணீர் தெரிந்த ஓர் இடத்தில் அவரை நிறுத்தி, ரூபோ சவால் விட்ட கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். “வாத்தியார் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்” என்றவர், வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, “அது கிடக்கட்டும், இறங்கியாயிற்று, இனி இந்த மேட்டை யார் ஏறுவது?” என்றார்.