மறு: ரீஇஷ்யூவுக்குத் தமிழ்ச்சொல் – மறுபதிவா, மறு அச்சா, மறுவெளியீடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜமைக்காவின் ரெகே இசையில், கீபோர்டும் டிரம் மெஷினும் வைத்துச் செய்த அரிதான டிஜிட்டல் சிங்கிள்கள் (ஒற்றைப் பாட்டுத் தட்டுகள்) மீண்டும் வினைல் தட்டுகளாக வருவதைப் பற்றிய இழையில், ரீஇஷ்யூ (பழைய பதிவைத் திரும்ப வெளியிடுவது) என்பதற்கு மறுபதிவு, மறு அச்சு, மீள்வெளியீடு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எதைப் போட்டாலும் வாசகருக்குப் புரியும், ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரெகேயில் இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். தட்டை வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறார், பாடியவருக்கும் தயாரித்தவருக்கும் ஏதாவது போய்ச் சேருமா என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதலில் மறுபதிவு. ரீஇஷ்யூவுக்கு இதை வைக்கவே கூடாது. பதிவு என்றால் நமக்கு ஒலிப்பதிவு. மறுபதிவு என்றால் திரும்ப ஸ்டுடியோவுக்குப் போய் வாசித்துப் பதிவது. வேறு இசை வகையாக இருந்தால் இந்தக் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜமைக்காவில் முடியாது, அங்கே மறுபதிவு ஒரு தொழில்முறை. பேஸும் டிரம்மும் சேர்ந்த அடிப்படை இசையை அவர்கள் ரிடிம் என்பார்கள். ஒரே ரிடிமின் மேல் பத்துப் பேர், இருபது பேர் தங்கள் சொந்த மெட்டில் பாடுவார்கள். ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனின் ஸ்டுடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் 1960களில் உருவான ரிடிம்களை 1970களில் சேனல் ஒன் ஸ்டுடியோவில் புதிதாக வாசித்துப் பதிந்தார்கள். 1980களின் பிற்பாதியில் தயாரிப்பாளர் கிங் ஜாமியின் ஸ்டுடியோவில் ஸ்டீலி, கிளீவி என்ற இரு இசைக்கலைஞர்கள் கீபோர்டையும் டிரம் மெஷினையும் வைத்து மறுபடி பதிந்தார்கள். அதுதான் மறுபதிவு. அந்தச் சொல்லை ரீஇஷ்யூவுக்குக் கொடுத்துவிட்டால், இந்த வழக்கத்தைப் பற்றி எழுத வரும்போது நம் கையில் சொல் இருக்காது.

அடுத்தது மறு அச்சு. இது அருமையான சொல். ஆனால் ரீஇஷ்யூவுக்கு அல்ல, ரீபிரஸ்ஸுக்கு. தட்டு உருவாகும் விதத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். அரக்குப் பூச்சுள்ள அலுமினியத் தட்டில் வெட்டு ஊசி ஒலியை வரியாக, அதாவது மெல்லிய சுருள் பள்ளமாக, வெட்டும். அதன்மேல் வெள்ளிப் படலம் பூசி, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் எதிர்வடிவம் கிடைக்கும். அதிலிருந்து தாய்த்தட்டு எடுத்து, தாய்த்தட்டிலிருந்து ஸ்டாம்பர் எடுப்பார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவே சூடான பிளாஸ்டிக்கை வைத்து அழுத்தினால் தட்டு தயார். ஸ்டாம்பர் என்பது அச்சுவெல்ல அச்சைப் போன்றதுதான், ஆகவே அதை அச்சு என்றே சொல்லலாம். பழைய அச்சையோ, பழைய தாய்த்தட்டிலிருந்து எடுத்த அச்சையோ வைத்து மறுபடி அழுத்துவதுதான் மறு அச்சு. ஜமைக்கத் தயாரிப்பாளர்கள் இதைச் சத்தமில்லாமல் செய்துவந்தார்கள். லேபிளில் ஆண்டு கூடப் போடாமல், கேட்பு வந்தபோதெல்லாம் கொஞ்சம் அடித்து விற்றார்கள். ஏழு அங்குலத் தட்டு ஒன்று எந்த ஆண்டு அழுத்தப்பட்டது என்று சேகரிப்பாளர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

மிச்சமிருப்பது ரீஇஷ்யூ. உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி பெற்று, மூல ஒலியைத் தேடிப் பிடித்து, புதிதாக வரி வெட்டி, புதிய அச்சு எடுத்து, புதிய நிறுவனத்தின் பெயரில் வெளியிடுவது. தோக்கியோவின் டப் ஸ்டோர் ரெக்கார்ட்ஸ், நியூயார்க்கின் டிஜிகில்லர் போன்றவர்கள் ஜமைக்க இசைக்குச் செய்துவரும் வேலை இது. இதற்கு மறுவெளியீடு என்பதை முன்மொழிகிறேன். ஈழத்து நண்பர்கள் மீள்வெளியீடு என்று எழுதினால் அதுவும் அதே பொருள்தான், அகராதியில் இரண்டையும் தரலாம்.

ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். 1985-ல் கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் கிங் ஜாமி தயாரித்து வெய்ன் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்'. காசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் ராக் என்ற பெயரில் தயாராக இருந்த தாளம்தான் அதன் ரிடிம். காசியோவில் வேலைபார்த்த ஹிரோகோ ஒகுடா என்ற பெண் அமைத்த தாளம் அது. ஜாமி அதன் வேகத்தைக் குறைத்துப் பதிந்து, பிப்ரவரி 23 அன்று பிளாக் ஸ்கார்பியோ என்ற எதிர்க்குழுவுடன் நடந்த சவுண்ட் சிஸ்டம் போட்டியில் (பெரிய ஒலிபெருக்கிகளை வைத்துப் பாட்டுப் போடும் குழுக்களின் மோதல்) ஒலிக்கவிட்டார். அந்த இரவுக்குப் பிறகு ஜமைக்க இசை மாறிப்போனது. அதே ரிடிமில் டெனர் சா 'பம்ப்கின் பெல்லி' பாடினார், ஜானி ஆஸ்போர்ன் 'படி பை' பாடினார். இவை மறுபதிவும் இல்லை, மறுவெளியீடும் இல்லை. பழைய ரிடிமில் புதுப் பாட்டு. லண்டனில் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் அப்போதே ஸ்மித்தின் பாட்டை வெளியிட்டதும் மறுவெளியீடு ஆகாது, அது வெளிநாட்டு வெளியீடு. ஜாமி பழைய அச்சில் பிறகு அடித்தவை மறு அச்சு. பல ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனம் உரிமம் பெற்றுப் புதிதாக வெட்டினால்தான் மறுவெளியீடு.

'ஸ்லெங் டெங்' பெரிய வெற்றி, தட்டு கிடைப்பதில் சிரமமில்லை. ஆனால் வாத்தியக் குழுவுக்குக் கூலி கொடுக்காமலே ரிடிம் செய்யலாம் என்று அது காட்டியதும் சின்னத் தயாரிப்பாளர்கள் பலர் இறங்கினார்கள். கொஞ்சமாக அழுத்தினார்கள், பல தட்டுகள் தீவைத் தாண்டவே இல்லை. இன்று கொள்ளை விலைக்குப் போகிறவை அவைதான். மறுவெளியீட்டின் அருமையும் அங்கேதான் தெரிகிறது. தன் பாட்டை இன்னும் யாரோ தேடுகிறார்கள் என்பது பாடியவருக்கு அப்போதுதான் தெரியவரலாம்.

இவற்றில் பலவற்றுக்கு மூல நாடா இருக்காது. நாடா விலை அதிகம் என்பதால் அதன்மேலேயே அடுத்த பாட்டைப் பதிந்திருப்பார்கள். அப்போது, அதிகம் ஓடாத ஒரு பழைய தட்டைத் தேடிப்பிடித்து, அதிலிருந்து ஒலியை எடுத்து, கீறல் சத்தத்தை நீக்கி வெட்ட வேண்டும். வாங்குகிறவருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஆகவே மறுவெளியீட்டுக்குள் நாடாவழி, தட்டுவழி என்று இரண்டு உட்பிரிவு வைக்கலாம். 'தட்டுவழி மறுவெளியீடு' என்று அட்டையில் போட்டிருந்தால் மேல்விளக்கம் தேவைப்படாது.

அனுமதியில்லாமல் அடிப்பதற்குக் கள்ளத்தட்டு என்றே வைப்போம். 'அதிகாரமற்ற மறுபதிப்பு' என்று ஒருவர் தந்திருந்தார்; நாகரிகமாக இருக்கிறது, ஆனால் நடந்தது திருட்டு என்பதை மறைத்துவிடுகிறது. ஜமைக்காவில் இதற்கு இன்னும் அழுத்தம் வேண்டும். பாடகர்கள் பெரும்பாலும் ஒரு தடவை கைக்காசு வாங்கிக்கொண்டு பாடியவர்கள், புதிய பதிப்புரிமைச் சட்டம் அங்கே 1993-ல்தான் வந்தது.

அச்சு, மறு அச்சு, மறுவெளியீடு, மறுபதிவு, கள்ளத்தட்டு ஆகிய ஐந்துக்கும் எதிர்ப்பு இல்லையென்றால் விக்சனரியில் ஏற்றிவிடலாம். தாய்த்தட்டு என்பதற்கு மட்டும் இன்னும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். தட்டின் பி பக்கத்தில் வரும் வெர்ஷனை (பாட்டுக்குரலை நீக்கிய வடிவம்) தனி இழையில் பேசுவோம், அதில் டப் (பதிவை எதிரொலி போன்றவற்றால் மாற்றிக் கலக்கும் முறை) பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

அன்புடன்