சிரிப்பு வருது, குடை மறந்துபோகுது: யோசனை சொல்லுங்க

செங்கோட்டையில மாமாவுக்குக் குடைக்கடை. ஜூன் சாரலுக்கு முன்னாடி 30 விநாடி வீடியோ ஒண்ணு வேணுமாம். கேரளாப் பக்கம் புனலூர்க்காரங்களும் பார்ப்பாங்க, அதனால வசனமே கிடையாது.

நான் யோசிச்சது இது: ஆரியங்காவு மழை. குடைக்கு அடியில ஒரு ஆச்சி அப்பளம் காயப்போடுறாங்க. எடுத்து ஒடிச்சா 'படக்'! மாமா சிரிச்சுட்டாங்க. அத்தைதான், "அப்பள விளம்பரம்லா இருக்கு"ன்னுட்டாங்க. அங்கேயே மாட்டிக்கிட்டேன்.

ஃபெவிகால் பஸ் விளம்பரம் ஞாபகமிருக்கா? கூரை வரைக்கும் ஆளுங்க தொத்திக்கிட்டு, குலுங்குற ரோட்டுல ஒருத்தரும் விழல. கடைசியில பஸ் பின்னாடி பேரைப் பார்த்ததும் விளங்கிடும். சிரிப்பே பசையோட குணத்துலேர்ந்து வருது. என் அப்பளம் குடையை முழுங்கிடுது.

குடையை முதல்லயே காட்டவா, கடைசிவரை மறைக்கவா? எடுத்துப் பழகினவங்க சொல்லுங்க. கையில இருக்கிறது ஒரு போன், ஒரு ஆச்சி.