ஓபிஎஸ் (OBS) மென்பொருள் நேரலையில் வீணையின் கார்வை கேட்கவில்லை, படமும் நிற்கிறது: உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். அம்மா ஞாயிறுதோறும் வீணை வாசிப்பதை வீட்டிலிருந்து யூடியூபில் நேரலையாகக் கொடுக்கிறோம். உபுண்டு இயங்குதளம் போட்ட பழைய லேப்டாப், நேரலை அனுப்ப ஓபிஎஸ் மென்பொருள், யூஎஸ்பி மைக். அம்மா பேசினால் குரல் தெளிவு. வாசித்தால் மீட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது, கார்வை, அதாவது மீட்டிய பின் நீண்டு ஒலிக்கும் நாதம், பாதியிலேயே அடங்கிவிடுகிறது. கமகமே (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) போய்ச் சேராவிட்டால் அப்புறம் என்ன வீணை? படமும் அடிக்கடி நிற்கிறது. படத்தின் தரம் 1080பி, அனுப்பும் வேகம் (பிட்ரேட்) 6000 கேபிபிஎஸ் என்று வைத்திருக்கிறேன். லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
அவசரப்பட்டு வாங்காதீர்கள். நேரலை ஓடும்போது ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் பலகையைப் பாருங்கள். ரெண்டரிங் லேக் ஏறினால் கிராஃபிக்ஸ் திணறுகிறது, என்கோடிங் லேக் (படத்தைச் சுருக்குவதில் தாமதம்) ஏறினால் பெரும்பாலும் சிபியு. டிராப்டு ஃபிரேம்ஸ் (அனுப்ப முடியாமல் விடுபட்ட படச் சட்டங்கள்) ஏறினால் இணையம். எது ஏறுகிறது?

கேட்டவர்:
டிராப்டு ஃபிரேம்ஸ் மட்டும். அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ் காட்டுகிறது.

பதில் 1:
அப்படியானால் லேப்டாப் மேல் குற்றமில்லை. 5 எம்பிபிஎஸ், அதாவது 5000 கேபிபிஎஸ் வழியில் 6000 கேபிபிஎஸ் எப்படிப் போகும்? 720பி, 30 ஃபிரேம், 2500 கேபிபிஎஸ், கீஃபிரேம் (முழுப் படச் சட்டம்) இடைவெளி 2 விநாடி என்று வையுங்கள். வைஃபை வேண்டாம், ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடுங்கள்.

பதில் 2:
சத்தத்துக்கு நான் சொல்கிறேன், நானும் வாத்தியம் வாசிப்பவன். மைக்கின் ஃபில்டர்களில் நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சலை அமுக்கும் ஃபில்டர்) இருக்கிறதா? அதிலும் ஆர்என்நாய்ஸ் முறையா? அது பேச்சை வைத்துப் பழக்கப்பட்டது. பேச்சுபோல் இல்லாததை இரைச்சல் என்று எண்ணி அமுக்கும், நீண்டு ஒலிக்கும் தந்தி அதில் மாட்டிக்கொள்ளும். நாய்ஸ் கேட் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் மைக்கை அடைக்கும் ஃபில்டர்) இருந்தால் அதுவும் கார்வை தேயத் தேயக் கதவை மூடிவிடும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்தி, மைக்கைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தாலே இரைச்சல் குறையும். பலமாக மீட்டும்போதும் ஓபிஎஸ்ஸின் ஒலி மீட்டர் உச்சியை முட்டக் கூடாது. முதலில் ரெக்கார்டிங் மட்டும் போட்டு ஹெட்போனில் கேளுங்கள்.

கேட்டவர்:
நாய்ஸ் சப்ரஷனை எடுத்ததும் கார்வை முழுதாகக் கேட்கிறது! அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். படமும் நிற்கவில்லை. ஆனால் இப்போது படத்தில் விரல் தந்தியைத் தொடும் முன்பே சத்தம் வந்துவிடுகிறது.

பதில் 2:
வெப்கேம் படம் தாமதமாக வருகிறது. மைக்கின் சத்தத்தையும் அதே அளவு தாமதப்படுத்தலாம். கேமரா முன் ஒருமுறை கைதட்டி ரெக்கார்டு செய்து, சத்தத்துக்கும் கை சேர்வதற்கும் இடையே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 30 ஃபிரேமில் ஒன்றுக்குச் சுமார் 33 மில்லிவிநாடி. மூன்று ஃபிரேம் வித்தியாசமென்றால் அட்வான்ஸ்டு ஆடியோவில் மைக்கின் சிங்க் ஆஃப்செட்டில் (சத்தத்தைத் தள்ளிவைக்கும் இடம்) 100 மில்லிவிநாடி போடுங்கள், சரியாகிவிடும்.