யாரும் வெறுக்காத இடத்திலும் இனப்பாகுபாடு உடல்நலத்தைக் கெடுக்குமா?

கேள்வி:
வணக்கம். இனப்பாகுபாடு மக்களின் உடல்நலத்துக்குக் கடுமையான அச்சுறுத்தல் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. அந்நாட்டில் அதே ஆண்டில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேரும் வெள்ளையினத் தாய்மார் 26.6 பேரும் மகப்பேற்றில் இறந்திருக்கிறார்கள். மருத்துவர் எவரும் வெறுப்போடு நடந்துகொள்ளாத இடத்திலும் இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி நீடிக்கிறது? எல்லாமே வறுமையின் விளைவுதான் என்போருக்கு என்ன விடை சொல்வது?

பதில் 1:
வறுமைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால், படிப்பும் வருமானமும் உயர உயர இந்த இடைவெளி மறைய வேண்டும். 2007 முதல் 2016 வரையிலான மரணங்களை அம்மையம் ஆராய்ந்தபோது, கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்கள், பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்களைவிட அதிக விகிதத்தில் மகப்பேறு தொடர்பான காரணங்களால் இறந்தது தெரிந்தது. வறுமை என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்க முடியாது.

பதில் 2:
வெறுப்பே இல்லாமல் தீங்கு நேர்வது எப்படி என்பதற்குச் சிறுநீரகக் கணக்கைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை வைத்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்கும் சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைச் சுமார் 16 சதவீதம் உயர்த்திக் காட்டியது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழ் இறங்கிய பிறகே கணக்கில் சேரத் தொடங்கும். ஆகவே 18 என்று வரவேண்டிய ஒருவருக்கு ஏறத்தாழ 21 என்று வந்தது. நோய் முற்றிய நிலையிலும் அவருடைய காத்திருப்புக் காலம் தொடங்கவில்லை. ஆய்வகக் கணினி தானாகவே செய்த இந்தப் பெருக்கலில் எந்த மருத்துவரின் தீய எண்ணமும் கலந்திருக்கவில்லை என்பதே என்னை மிகவும் கலங்கவைக்கிறது. 2021இல் இனத்தைச் சேர்க்காத புதிய சூத்திரம் வந்தது. இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரவேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின், ஆயிரக்கணக்கானோருக்கு அது திரும்பக் கிடைத்தது.

பதில் 3:
வாழிடத்தையும் பாருங்கள். 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் கடனுக்கு ஆபத்தானவை என்று சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டன. வீட்டு வசதியில் பாகுபாடு 1968இல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆயினும் 108 நகரங்களை அளந்த ஓர் ஆய்வில், அந்தச் சிவப்புப் பகுதிகள் மற்றவற்றைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்தோடு இருந்தன. மரங்கள் குறைவு, தார்ச்சாலையும் நெடுஞ்சாலையும் அதிகம்.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் சமூகத்தின் மனம் மாறும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில் 2:
வேண்டியதில்லை. 1966இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் திட்டம் தொடங்கியபோது, நோயாளிகளை இனவாரியாகப் பிரித்து வைக்கும் மருத்துவமனைகளுக்கு அத்திட்டத்தின் பணம் கிடைக்காது என்று அரசு உறுதியாக நின்றது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஆயிரம் மருத்துவமனைகள் அந்தப் பிரிவினையைக் கைவிட்டன. அதன்பின் மிசிசிப்பி மாநிலத்தில், வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறக்கும் கறுப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.